தயோ பட்டைக்குப் பதில் செம்பருத்தி இலை

கொரட்டூருக்குக் குடிவந்த மறுநாள் காலையில் சோப்பு நுரைக்கவில்லை. கிணற்றடியில் நின்று தேய்க்கிறேன், தேய்க்கிறேன், திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாக ஏதோ கையில் ஒட்டுகிறதே தவிர நுரை என்று ஒன்று வரக் காணோம். போலிச் சோப்பைத் தலையில் கட்டிவிட்டான் பாவி என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே குளித்து முடித்தேன். தலை காய்ந்த பிறகுதான் வினை தெரிந்தது. தேங்காய் நாராக விறைத்து நின்ற முடியில் சீப்பு பாதி வழியில் மாட்டிக்கொண்டது. விடாப்பிடியாக இழுத்ததில் பல் உடைந்தது. நல்லவேளை, சீப்பின் பல். ரங்கூனில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் உங்களுக்கும், கப்பலேறி வந்து முகாமிலிருந்து திசைக்கு ஒருவராகச் சிதறிய நம்மவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. ஊர் மாறினால் வேலை மாறும், சாப்பாடு மாறும் என்றெல்லாம் நமக்குச் சொல்லி அனுப்பினார்கள். தண்ணீர் மாறும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அங்கே நாம் தலைகுளித்த விதம் உங்களுக்கு மறந்திருக்காது. தயோ மரத்துப் பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் விளக்கெண்ணெய் மாதிரி இழை இழையாக வழுவழுப்பு இறங்கும். கிம்பூன் காயைத் தனியாகக் கொதிக்கவைத்து வடிகட்டி அதில் கலந்து, மேலே ஓர் எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஆயிற்று. கிம்பூன் வேறொன்றுமில்லை, இங்குள்ள சீயக்காயேதான். அது அழுக்கை எடுக்கும்; கூடவே முடியில் இருக்கிற எண்ணெயையும் வழித்துக்கொண்டு போய்விடும். வெறும் சீயக்காயில் குளித்தால் முடி சொரசொரப்பதற்குக் காரணம் அதுதான். தயோவின் வழுவழுப்பு ஒவ்வொரு மயிர்மேலும் மெல்லிய தோலாகப் படிந்து, சிக்கு விழாமல் காக்கும். சீயக்காய் இந்த ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. தயோவைத்தான் காணவில்லை. நாட்டு மருந்துக் கடையில் அம்மா கைச்சாடையெல்லாம் காட்டி விளக்கியபோது, கடைக்காரர் யோசித்து யோசித்து ஒரு பேதி மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அம்மா விடவில்லை. அவளுக்கு முழங்காலைத் தொடும் முடி. கப்பலில் நகைநட்டு ஒன்றும் வரவில்லை, என் தலை ஒன்றுதான் வந்தது என்பாள். வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பார்த்தாள். வழுவழுப்பு என்னவோ வந்தது. ஆனால் இரண்டு நாளைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் குழம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாதம் வடித்த கஞ்சி ஈரத்தில் பட்டாகப் பளபளத்தது, காய்ந்ததும் மொடமொடவென்று நின்றது. முட்டை நல்லது என்று யாரோ சொல்ல, அதையும் அடித்துப் பூசிக்கொண்டு வெந்நீரை ஊற்றினாள். அடக் கடவுளே! தலையிலேயே முட்டை வெந்து, பொரியல் பொரியலாக அதை நாங்கள் பொறுக்கியெடுத்தோம். எலுமிச்சம்பழம் மட்டும் இங்கேயும் கைவிடவில்லை. உப்புத்தண்ணீரும் சோப்பும் சேர்ந்து முடியில் படியவிடும் வெள்ளைப் படலத்தை அதன் புளிப்பு கழற்றிவிட்டது. ஆனால் புளிப்பு சுத்தம் செய்யுமே தவிர, போர்த்திவிடாது. ஒருநாள் கிணற்றோரத்துச் செம்பருத்தியில் ஏதோ நினைவாக ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கியவள், “கெடச்சிருச்சுடி!” என்று கத்தினாள். அவள் விரலுக்கும் விரலுக்கும் நடுவே அதே வழுவழுப்பு நூலாக நீண்டது. கத்தியவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

இதெல்லாம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் ஆவடிப் பெண் ஒருத்தி, சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கண்டிஷனர் பாட்டிலைப் போன வாரம் எடுத்துவந்தாள். அதில் ஆல்கஹால் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போயிருந்தாள். “இன்னாக்கா இது, தலைக்கு சாராயமா? எங்க ஊட்ல மோந்து பாத்தாங்கன்னா அவ்ளோதான்!” எங்கள் லேபில் கெமிஸ்ட்ரி படித்தவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்டோம். சீட்டைல் ஆல்கஹால் என்பது பெயருக்குத்தான் ஆல்கஹாலாம். மெழுகு மாதிரியான பொருள், முடியை மெத்தென்று ஆக்குமாம். சிட்ரிக் ஆசிட் எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. வாயில் நுழையாத பெயரோடு இன்னொன்று இருந்தது. அலசினாலும் போகாமல் முடியைப் பிடித்துக்கொண்டு சிக்கைத் தடுப்பது அதுதானாம். வழுக்க ஒன்று, புளிக்க ஒன்று, போர்த்த ஒன்று. ரங்கூனில் நம் வீட்டுப் பின்கட்டில் மண்சட்டியில் இருந்தது இதுதானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சட்டியால் ஒருமுறை நாங்கள் வீட்டையே இழக்கப் பார்த்த கதை அவளுக்குத் தெரியாது.

வீடு கிடைப்பது அப்போது எங்களுக்குக் குதிரைக்கொம்பு. பர்மாக்காரர்கள் என்றதுமே, ஙாப்பி மீன்விழுது நாற்றம் தாங்காது என்று அம்பத்தூரில் ஒருவர் கதவைச் சாத்தினார். பட்டரவாக்கத்தில் ஒருவர் எங்களைச் சீனர்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். தன் வீட்டில் ஒரு பக்கத்தை வாடகைக்குத் தந்து எங்களை உள்ளே விட்டவர் கொரட்டூர் கன்னியம்மா ஒருவர்தான். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். ஏரிப் பாசனத்தில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டு, மகன் ஏழுமலை தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகு நிமிர்ந்த குடும்பம். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, ஏரித் தண்ணீர் கொண்டு வாங்கோ என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அம்மாவுக்கு இந்த நாட்டில் பேச இருந்த ஒரே ஆளும் அவர்தான். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று அம்மா யோசித்துக்கொண்டே இருந்தாள். சித்திரை முதல் நாள் வந்தது. அங்கே திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து புதுவருஷம் பிறக்கும் அதே நாட்கள். புதுவருஷத்தில் நாம் என்ன செய்வோம்? தெருவில் உள்ள பெரியவர்களை உட்காரவைத்து, சின்னவர்களெல்லாம் வரிசையில் நின்று, தயோவும் கிம்பூனும் கலந்த தண்ணீரால் அவர்கள் தலையைக் கழுவிவிடுவோம். அதைவிடப் பெரிய மரியாதை அங்கே இல்லை.

அன்று காலை கன்னியம்மாவை அம்மா கிணற்றடியில் மணைபோட்டு உட்காரவைத்தாள். தோள்வலியோடு இருந்தவருக்கு யாரோ தலைக்கு ஊற்றுகிறார்களே என்று சந்தோஷம்தான். அடர்த்தியான முடியை இரண்டாக வகிர்ந்து, எண்ணெய் தொட்டு வைத்து, சீயக்காயும் செம்பருத்திச் சாறும் கலந்து வலப்பக்கத்தை அம்மா அலசி முடித்தாள். இடப்பக்கம் என் பங்கு. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகளும் கையில் கிண்ணத்தோடு, தலை குனிந்து, பயபக்தியாக நின்றார்கள். அந்த நேரம் பார்த்து ஏழுமலை பின்பக்கம் வந்தார். கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்த தாயையும், கிண்ணமேந்திய வரிசையையும் பார்த்தவர் அலறினார். “ஏய்! இன்னா பண்றீங்கோ? உசுரோட கீற எங்கம்மாவுக்கு எண்ணெ சீக்கா வெக்கிறீங்களா?”

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இறந்தவரைக் குளிப்பாட்டும்போது உறவுக்காரர்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைப்பது இங்கே வழக்கம் என்று பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்தது. அதையும் வருஷப்பிறப்பு அன்றைக்குச் செய்திருக்கிறோம்! கன்னியம்மா கண்ணைத் திறந்தார், வரிசையைப் பார்த்தார், சொட்டச் சொட்ட உள்ளே போய்விட்டார். மாலையில் ஏழுமலை எங்கள் வாசலில் நின்று, “ஊட்ட காலி பண்ணிடுங்கோ. வேற இடம் பாத்துக்கினு போங்கோ” என்றார். அப்பா போய் எவ்வளவோ விளக்கினார். பர்மாவில் மரியாதை என்றால் பர்மாவுக்கே போய்ச் செய்யுங்கள் என்று பதில் வந்தது. அந்த வாரம் முழுக்க நான் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா ஒரு தும்மல் போட்டாலும் எங்கள் தலையில்தான் விடியும். ஒருமுறை தும்மினார், எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா சைக்கிளில் வீடு வீடாக அலைந்து வெறுங்கையோடு திரும்பினார். அம்மா செம்பருத்திச் செடிப் பக்கமே போகவில்லை. “நல்லது செய்யப் போயி இப்படி ஆயிருச்சே” என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சில்லை. போக்கிடம் தெரியாமலே தகரப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டத் தொடங்கினோம்.

வெள்ளிக்கிழமை காலை, தலைவிரிகோலமாகக் கையில் சீப்போடு கன்னியம்மா எங்கள் பக்கம் வந்தார். நாங்கள் எழுந்து நின்றோம்.

“ஏ பர்மாக்காரம்மா, இத்தப் பாரு” என்று வலப்பக்கம் சீப்பை விட்டார். அது உச்சியிலிருந்து நுனிவரை ஓடியது. இடப்பக்கம் விட்டார். காதோரத்திலேயே நின்றுவிட்டது. “அன்னிக்கி இந்தப் பக்கத்த நானா சோப்பு போட்டு அலசிக்கினேன். ஒரு வாரமா ஒரு பக்கம் பட்டாட்டம் கீது, ஒரு பக்கம் தொடப்பமாட்டம் கீது. இன்னாதான் போட்ட நீ?”

“செம்பருத்தி எலதாங்க்கா. உங்க வீட்டுச் செடிதான்.”

“எங்க ஊட்டுச் செடியா! இத்தினி வருசமா பூவ மட்டும் பறிச்சிகினு கீறேனே!”

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணன் காலி பண்ணச் சொல்லிட்டாரே?” என்று கேட்டுவிட்டேன்.

“அவன் கெடக்கறான். ஊடு எம்பேர்ல கீது. பொட்டிய அவுத்துப் போடு” என்றவர் கிணற்றடிக்கு நடந்துபோய் உட்கார்ந்தார். “ஆனா ஒண்ணு, வரிசைல நிக்காதீங்கோ. பாத்தா நானே பூட்ட மாதிரி கீது. ஒருத்தி ஊத்தினா போதும்.”

அம்மா இலை பறித்தாள். மிச்சமிருந்த பாதித் தலையை முழு மரியாதையோடு அலசி, பர்மியப் பேச்சில் முணுமுணுத்து முடித்தாள். இன்னாம்மே மந்திரமா என்று கன்னியம்மா கேட்க, நோய்நொடியில்லாமல் நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றாள். கன்னியம்மா முடியை முறுக்கிப் பிழிந்தபடி எழுந்து, சட்டியை எட்டிப் பார்த்தார். மிச்சம் இருந்தது.

“உனக்கு யாரு ஊத்துவாங்க?”

“நானேதான் ஊத்திக்கிறது.”

“குந்து.”

அம்மா பதறிவிட்டாள். அங்கே சின்னவர்தான் பெரியவருக்கு ஊற்றலாம். பெரியவர் கையால் நாம் தலைகழுவிக்கொண்டால் ஏழு பிறவிக்கும் பாவம் என்று வளர்ந்தவள் அவள். “வேணாங்க்கா, நீங்க மூத்தவங்க. எங்க ஊர்ல இது பாவம்க்கா.”

“எந்த ஊர்ல?” என்று கேட்டார் கன்னியம்மா. குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ரங்கூன் என்று காட்டக் கிழக்கே கையைத் தூக்கிய அம்மா, பாதியில் இறக்கிவிட்டாள். மணையில் உட்காரவும் இல்லாமல், விலகிப் போகவும் இல்லாமல், கிணற்றுச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாதி குனிந்து நின்றாள். அதற்குள் கன்னியம்மா ஊற்றத் தொடங்கிவிட்டார்.