கேதீஸ்வரன் யூட் வாங்கிய கதை

மனைவி விமலா வந்து சேரும்வரை கேதீஸ்வரன் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. இந்த நாட்டுக்குப் படகில் வந்தவன். தற்காலிக விசாக்களில் பத்து வருஷத்துக்கு மேல் இழுபட்டு, நிரந்தர விசா கையில் வந்ததும் முதல் வேலையாக வவுனியாவில் இருந்த மனைவியைக் கூப்பிட்டான். கிரான்பர்னில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இல்லை.

நானும் அவனும் டண்டினோங்கில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் ஒன்றாக வேலை செய்கிறோம். நான் போர் பெரிதாகுமுன்னரே படிக்க வந்து தங்கிவிட்டவன். எனக்குக் கணக்குப் பார்க்கிற வேலை, அவனுக்குப் பாரம் தூக்குகிற போர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. முன்னால் பாரம் உயர்ந்து மறைத்தால் போர்க்லிஃப்டைப் பின்பக்கமாக ஓட்ட வேண்டும். மற்றவர்கள் கழுத்து நோகிறது என்று முணுமுணுப்பார்கள். கேதீஸ் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

"பின்னுக்குப் பாத்து ஓட்டுறது எனக்குச் சுகம் அண்ணை" என்று ஒருதரம் சொன்னான். பகிடி என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை கடைத்தொகுதியின் கார்த் தரிப்பிடத்தில் விமலா பின்னால் திறந்த தட்டு வைத்த யூட் வண்டி ஒன்றைக் கண்டிருக்கிறாள். பின்தட்டில் ஒரு குட்டி வீடு ஏற்றியிருந்ததாம். ஒரு வெள்ளைக்காரக் கிழவி கதவைத் திறந்து வைத்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். விமலா எட்டிப் பார்க்க, அந்தக் கிழவி உள்ளே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். கை நீட்டினால் எல்லாம் எட்டுகிற குசினி, மேலே கட்டில், பக்கத்தில் ஜன்னல்.

"ஒரு வீட்டுக்குள்ளயே கிடந்து கிடந்து சலிச்சுப்போனன். இது எண்டா வீடே எங்களோட வருமே" என்று விமலா சொன்னாளாம். அன்றைக்குப் பின்னேரமே கேதீஸ் எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, வீட்டைத் தூக்கிக்கொண்டு போற வாகனம் ஒண்டு பாக்கவேணும். நீங்கள் ஒருக்கா வருவீங்களோ?"

நான் பல வருஷம் யூட் வைத்திருந்தவன். ஓம் என்றேன்.

இந்தக் குட்டி வீட்டை இங்கே ஸ்லைட்-ஆன் கேம்பர் என்பார்கள். வேண்டாத நேரம் நான்கு கால்களில் தனியாக நிற்கும். வேண்டும்போது யூட்டைப் பின்னெடுத்து அதன் அடியில் விட்டு, கால்களை மடக்கிப் பூட்டிக்கொண்டு போகலாம். பலர் முதலில் கேம்பரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டுப் பிறகு தங்கள் யூட் அதைத் தாங்காது என்று தலையில் கைவைப்பார்கள். இரண்டையும் ஒன்றாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் அவனுக்குச் சொன்னேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவன் போன இடமெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: இது எவ்வளவு பாரம் தாங்கும்?

விற்பனையாளர்கள் எல்லாரும் ஒரு டன் என்றார்கள். அவன் அதோடு விடமாட்டான். டீசல் நிறைந்திருந்தாலும் ஒரு டன்னா? தண்ணீர்த் தாங்கி நிறைந்திருந்தால்? முன்னால் இரும்புத் தடுப்புப் பூட்டினால்? ஆட்கள் ஏறி இருந்தால்? ஒவ்வொன்றாகக் கழிப்பான். ஒரு டன் கரைந்துகொண்டே வரும். எல்லாம் கழித்து முடித்த பிறகு இன்னும் ஓர் ஆளின் பாரத்தைக் கழிப்பான்.

"நீங்க ரெண்டு பேர்தானே?"

"மூண்டு எண்டு போடுங்கோ அண்ணை."

நான் மூன்று என்றே கணக்குப் போட்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். ஒவ்வொரு யூட்டிலும் ஓட்டுநர் இருக்கையில் ஒரு நிமிஷம் இருந்து பார்ப்பான். பிறகு பின் இருக்கைக்குப் போய்விடுவான். கதவைச் சாத்திவிட்டு அங்கே நீண்ட நேரம் இருப்பான். முழங்காலுக்கும் முன் இருக்கைக்கும் இடையில் கையை விட்டுப் பார்ப்பான்.

"இது காணாது. உயரமான ஆளுக்கு இடிக்கும்" என்பான்.

அவன் உயரமில்லை. விமலாவும் இல்லை.

கேம்பர் செய்கிற மோனிகாவைப் பேக்கனம் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கண்டோம். ஐம்பது வயதிருக்கும். இரும்பு ஒட்டுகிறபோது போடும் முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தாள். கேதீஸ் நான்கு கதவு யூட்தான் வேண்டும் என்று சொல்ல, அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான்கு கதவு வண்டியில் பின்தட்டு கட்டை. கேம்பரின் பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போய் விழும். முன்பக்கம் தூக்கும். சில காலத்தில் வண்டியின் அடிச்சட்டமே வளைந்துவிடும். தட்டு நீளமான எக்ஸ்ட்ரா கேப் எடுங்கள், பின்னால் மடக்குகிற இரண்டு சின்ன இருக்கைகள் இருக்கும், அது போதாதா என்று கேட்டாள்.

"போதாது" என்றான் கேதீஸ்.

அவள் வாதாடவில்லை. முற்றத்தில் அவளுடைய நான்கு கதவு யூட் கேம்பரோடு நின்றது. வண்டித் திறப்பை அவன் கையில் கொடுத்து, "கூ-வீ-ரப் ஊர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றாள்.

அந்தப் பக்கமெல்லாம் தட்டை நிலம். கீரைத் தோட்டங்களும் வாய்க்கால்களும், நூல் பிடித்த மாதிரித் தெருவும். வெயில் நன்றாக இருந்தது. சிறிது தூரம் போனதும் ஸ்டியரிங் லேசாகிவிட்டது. முன் சில்லுகள் தெருவைப் பிடிக்காமல் தடவிக்கொண்டு போகிற மாதிரி எனக்கே தெரிந்தது. நான் அதைச் சொல்ல வாய் திறந்தபோதுதான் கேதீஸைப் பார்த்தேன். அவன் நடுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கேம்பரின் வெள்ளைப் பலகைதான் தெரிந்தது. பக்கக் கண்ணாடிகளுக்கு மாறி மாறித் தலையைத் திருப்பினான். நெற்றி வேர்த்திருந்தது.

தெருவில் ஒரு சின்ன மேடு வந்தது. வண்டியின் மூக்கு எழும்பி ஒரு பக்கம் சாய்ந்து இறங்கியது. கேதீஸ் ஓரம் கட்டாமல் அப்படியே நிறுத்தினான். கதவைத் திறந்து விட்டுவிட்டுப் பின்பக்கம் போனான்.

நான் வண்டியை ஓரத்துக்கு எடுத்துவிட்டு இறங்கிப் போனேன். அவன் நடுத்தெருவில் நின்று நாங்கள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வெறுந்தெரு.

"ஒருத்தரும் இல்லையடா" என்றேன்.

"இல்லைத்தான் அண்ணை. ஆனாலும் பாக்கவேணும்."

கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டி வந்து புல்லில் இருத்தினேன். அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னான்.

வன்னியில், போரின் கடைசி வருஷத் தொடக்கத்தில், இடம்பெயர்கிற சனத்தோடு அவன் ஓர் உழவு மெசின் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். பின்னால் பூட்டிய பெட்டியில் நாலு குடும்பமும் அவர்களுடைய சாமானும். மழை பெய்து தெரு களியாகக் கிடந்தது. ஓரிடத்தில் சில்லு புதைந்துவிட்டது. நடக்கக்கூடியவர்கள் இறங்கினார்கள். அவனுடைய தங்கச்சி சத்தியபாமாவும் இறங்கினாள். பாலர் பள்ளியில் படிப்பித்தவள், அவனைவிட உயரம். செருப்பிரண்டையும் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெட்டியைத் தள்ளினாளாம்.

"மெசின் எழும்பிட்டுது. நிப்பாட்டினா திரும்பப் புதையும். பின்னால வாகனங்கள் நெருக்குது. பாமா கையைக் காட்டினவள், 'நீ எடு, நான் நடந்து வாறன்' எண்டு. நான் எடுத்தன். திரும்பிப் பாத்தனான், நிக்கிறாள். பேந்தும் பாத்தனான், நடந்து வாறாள். உயரம்தானே, சனத்துக்கு மேலால அவளின்ர தலை தெரியும். பிறகு தெரு வளைஞ்சுது."

வளைவு தாண்டி இறுகின நிலம் வந்ததும் நிறுத்திக் காத்திருந்தான். பின்னால் செல் குண்டு விழுகிற சத்தம் கேட்டது. சனம் வந்தது. அடுத்தநாளும் வந்துகொண்டே இருந்தது. பாமா வரவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கத் தெரு விடவில்லை. பிறகு முகாம்களில் தேடினான், பதிகிற இடமெல்லாம் பதிந்தான். கண்டவர் எவரும் இல்லை. உடலும் இல்லை.

"எல்லாரும் காணாமல் போனவள் எண்டுறாங்கள். எனக்கு அவள் காணாமல் போகேல்லை அண்ணை. நடந்துகொண்டிருக்கிறாள். நான் எந்த வாகனத்தை எடுத்தாலும் பின்னால வாறாள். கெதியாப் போனா அவள் ஓடவேணும்."

நெடுஞ்சாலையில் அவன் ஏன் எப்போதும் இடது ஓரத்தில் ஊர்ந்துகொண்டு போவான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வண்டியை நான்தான் திரும்ப ஓட்டினேன். வழி முழுக்க என் கண்ணும் பக்கக் கண்ணாடிக்கே போனது.

மோனிகா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்தாள். "பின்னால் ஒரு கமரா பூட்டலாம். கண்ணாடிக்குப் பதிலாகத் திரையில் தெரு முழுக்கத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

கேதீஸ் வீட்டுக் குசினியில் விமலா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவளுக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

"நான் அந்த மச்சாளைக் கண்டதே இல்லை அண்ணை. ஆனா கலியாணம் கட்டி வந்த நாளில இருந்து அவ எங்களோடதான் இருக்கிறா. வவுனியாவில இரவில படலை பூட்ட விடமாட்டார். இஞ்சயும் முன் லைற் விடியும்வரைக்கும் எரியும்." தோசையைப் புரட்டினாள். பிறகு கேதீஸைப் பார்த்தாள். "நாலு கதவு எடுத்து மூக்கைத் தூக்கிக்கொண்டு போய் நாங்களும் எங்கையோ பிரண்டு கிடந்தா அவவுக்குத்தான் என்ன சந்தோசம்? சின்ன சீற் போதும். உழவு மெசின் பெட்டியில அவ என்ன சோபாவிலயே இருந்து வந்தவ?"

கேதீஸ் தட்டைப் பார்த்தபடி இருந்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஓம்" என்றான். "பெட்டியின்ர விளிம்பிலதான் இருந்தவள்."

எக்ஸ்ட்ரா கேப்தான் எடுத்தார்கள். பழையது, ஆனால் ஒழுங்காகப் பார்த்த வண்டி. மோனிகா சுவர் பாதி கன்வஸாக, மேற்கூரை தூக்குகிற மாதிரிப் பாரம் குறைந்த கேம்பர் ஒன்றைச் செய்து கொடுத்தாள். தண்ணீர்த் தாங்கியை அச்சுக்கு முன்னால் வைத்தாள். எல்லாம் ஏற்றி, நிறைத்து, எடை மேடைக்குக் கொண்டு போனோம். முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என்று மூன்றும் சட்ட அளவுக்குக் கீழே நின்றன. இன்னும் ஓர் ஆள் ஏற இடமிருந்தது. கேதீஸ் அந்த எடைச் சீட்டைப் படித்துவிட்டு விமலாவிடம் நீட்டினான். அவள் படிக்காமலே கைப்பையில் வைத்தாள்.

முதல் பயணமாக, மல்லி என்கிற கோதுமை விளையும் வறண்ட பகுதிக்குப் போனார்கள். அங்கே நடந்ததை விமலாதான் வந்து சொன்னாள்.

சீ லேக் என்ற ஊரைத் தாண்டி, கோதுமை வெட்டி முடிந்த வயல்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தார்களாம். நல்ல மத்தியானம். கேதீஸ் வழக்கம்போல மெதுவாக, ஒரு கண் கமராத் திரையில். திடீரென்று இன்னும் மெதுவாக்கினான்.

"வாறாள்" என்றான்.

விமலா திரையைப் பார்த்தாள். தெருவில் வெக்கை நீர்போல அசைந்ததுதான் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. ஆனால் அவனுடைய குரல் பயந்த ஆளின் குரலாக இருக்கவில்லையாம். வீட்டு வாசலில் யாரோ வருவதைச் சொல்கிற மாதிரி இருந்ததாம்.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் விமலா.

அவன் நிறுத்தினான். அவள் இறங்கினாள். அந்த வண்டியில் முன்கதவைத் திறந்தால்தான் பின் பாதிக் கதவு திறக்கும். இரண்டையும் அகலத் திறந்து, மடிந்திருந்த சின்ன இருக்கையை விரித்துவிட்டு, கதவைப் பிடித்தபடி சரளையில் நின்றாள். வெயில் தலையைச் சுட்டது. இலையான்கள் முகத்தில் மொய்த்தன. கேதீஸ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தான். விமலா ஒருவரையும் கூப்பிடவில்லை. களைத்து வருகிற ஒருவர் ஏறி இருக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் நின்றாள்.

"நான் ஒருத்தரையும் காணேல்லை அண்ணை, பொய் சொல்லக்கூடாது" என்றாள் என்னிடம். "ஆனா வண்டி கொஞ்சம் பதிஞ்ச மாதிரி இருந்தது. காத்தோ என்னவோ."

அந்தச் சின்ன இருக்கையின் பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். கதவுகளைச் சாத்தினாள். ஏறி இருந்து, "இனி எடுங்கோ" என்றாள்.

அன்றைக்குத்தான் கேதீஸ் தெருப் பலகையில் போட்டிருந்த வேகத்துக்கு ஓட்டினானாம். அப்படியே ஒயன் என்ற ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பேக்கரியில் பணிஸ் வாங்கும்போது, கேட்காமலே மூன்று வாங்கினான்.

இந்த ஆகஸ்டில், இங்கத்தைய குளிர்காலத்தில், அவர்களோடு நானும் பிலிப் தீவுக்குப் போனேன். விமலா என்னை முன்னால் இருக்கச் சொல்லிவிட்டு, தான் பின்னால் ஒரு சின்ன இருக்கையில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு இருந்தாள். கேதீஸ் மற்றவர்களைப் போலவே ஓட்டினான். திரையை இடைக்கிடை பார்த்தான், அவ்வளவுதான். ஹீட்டரில் வண்டி சூடாகிவர நான் ஜாக்கெட்டைக் கழற்றி, பின்னால் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் போடக் கையை நீட்டினேன். ஆளில்லாத அந்த இருக்கையில் பெல்ட் பூட்டியிருந்தது.

"இஞ்ச தாங்கோ அண்ணை" என்று விமலா ஜாக்கெட்டை வாங்கி, ஏற்கனவே இருந்த பையின் மேல் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.