பூசையில் வைத்த கதைப்புத்தகம்

மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஜூன் மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை அவளிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் திறக்கவே இல்லை. பின்னால் காத்திருந்த பெற்றோர்களில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

இவளுக்கு வாசிக்கவே வராமல் போய்விடுமோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது. ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊர் மலையடிவாரத்தில் போட்டிருந்த கடைகளில், காவடிக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே, கை நிறையக் கதைப்புத்தகங்கள் வாங்கினேன். சென்னையில் வேலை முடித்து மின்சார ரயிலில் வீடு வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் அவளைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். ஒரு பக்கம் முடிந்ததும் கேள்வி. யானைக்குட்டி எங்கே போனது? அம்மா பேச்சை ஏன் கேட்கவில்லை? இதிலிருந்து உனக்கு என்ன தெரிகிறது? அவள் சுவரைப் பார்ப்பாள், என் குரல் ஏறும், அவள் கண் நிறையும். குட்டி சேற்றுக்குழியில் விழுந்த பக்கத்தைத் தாண்டி நாங்கள் போனதே இல்லை.

"பாவம் அந்தக் குட்டி, மாசக்கணக்கா சேத்துலயே கெடக்குது. கொஞ்சம் விட்டுத்தான் பாருங்களேன்" என்பாள் மனைவி.

விட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் பயமே.

சரஸ்வதி பூசை வந்தது. புத்தகங்களைச் சாமி முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் காலை மறுபூசை செய்து எடுக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் படிக்கக் கூடாது. பாடப்புத்தகங்களோடு கதைப்புத்தகங்களையும் சேர்த்து அடுக்கி, மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மகளுக்கு ஒரே குஷி.

"நைனா, இன்னிக்கு நீ கேள்வி கேட்டா சாமி கண்ணக் குத்திடும்ல?"

"ஆங், குத்திடும்."

"ரெண்டு கண்ணையுமா?"

"கண்ணாடியோட சேத்துக் குத்தும்" என்றாள் மனைவி, சுண்டலைத் தாளித்தபடி.

மதியம் சாப்பிட்ட பிறகு மாடிக்கதவைச் சாத்தப் போனேன். பொரி இருக்கும் நாளில் குரங்குகள் மலையிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்குள் வந்துவிடும். படிக்கட்டின் திருப்பத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த யானைக்குட்டிப் புத்தகம். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விரல் ஒரு நீளமான சொல்லில் முட்டி நின்றது, கொஞ்சம் பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போனது. விரல் பட்ட இடமெல்லாம் குங்குமம்.

மாடிக்கதவை மறந்து அங்கேயே நின்றேன். அதற்குள் மனைவி பின்னால் வந்துவிட்டாள்.

"அடிப்பாவி! சாமிகிட்ட இருந்தா எடுத்த?"

"நான் படிக்கலம்மா. குட்டி மேல வந்துச்சான்னு பாத்துகினு இருக்கேன், அவ்ளோதான்."

மனைவி என்னைப் பார்த்தாள். திட்டாதே என்று கண்ணால் கெஞ்சினேன்.

"சரி, கன்னத்துல போட்டுக்கோ. பாத்துட்டு எடுத்த எடத்துலயே வெச்சிரு."

புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்து புத்தகத்தை அடுக்கில் செருகினாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. மனைவிதான் கேட்டாள்.

"குட்டி என்னடி ஆச்சு?"

"நாளைக்கு எடுத்து நீயே படிச்சிக்கோ."

அடுத்த கூட்டத்தில் இவள் வாய் திறப்பாளா என்பது தெரியாது. ஆனால் மறுபூசை முடிந்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்தபோது, நான் எடுத்தது குங்குமக் கறை பட்ட புத்தகத்தை. மகள் என் தோள்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"முடிவ சொல்லிடட்டா நைனா?"

"சொல்லாத" என்று பக்கத்தைத் திருப்பினேன்.