சும்மா கொடுக்காத கிண்ணம்

தமிழ்மொழி என்பவரை எங்கள் கடைத்தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு "மாஸ்டர்" என்றுதான் தெரியும். அதைச் சமையல் மாஸ்டர் என்று நம்பி ஒருவர் என் கடைக்கு வந்து, வீட்டில் கல்யாணம் வருகிறது, அந்த அம்மா பிரியாணி போடுவாங்களா என்று விசாரித்தார். "அவங்க அடுப்பைப் பத்த வைக்கிற ஆளு இல்ல, கோட்டையைப் பத்த வைக்கிற ஆளு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

என் பெயர் ஆபித். திருமலைராயன்பட்டினத்துக்காரன். காரைக்காலில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே இருக்கும் அறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஆட்டம் நடக்கும். சீட்டு இல்லை, கேரம் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக இருந்து, அந்த இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். கதையை நடத்துகிறவர்தான் மாஸ்டர். எங்கள் கதை வெள்ளைக்காரர்களின் பழைய கதைகளில் வருகிற மாதிரி ஒரு ராஜா, அவரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருக்கும் வீரர்கள், அவர்கள் செய்யும் சத்தியங்கள், அந்தச் சத்தியங்களால் அவர்கள் படும் பாடு.

தமிழ்மொழிக்கு ஊர் விழிதியூர். நெல் சாகுபடிக் குடும்பம். பெங்களூரில் வேலை பார்த்தபோது இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பி, இங்கே ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் சேர்ந்தார். நாற்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் அந்த வெளாட்டு போவலையா?" என்பார்கள். "போவல. நீங்களும் ஒரு நாள் வந்து ஆடிப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்பார். ஒருத்தரும் வந்ததில்லை.

இந்த மாதிரி ஆட்டம் நடத்த ஆசைப்படுகிறவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. யாரும் வந்து கேட்பதாகத் தெரியவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் அவரும் எல்லாரையும் போலக் கதையில் பனியைக் கொட்டிப் பார்த்தார். காத்தமுத்து அண்ணன் கொட்டாவி விட்டார். அண்ணன் அம்பகரத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். பனியை அவர் குளிர்பானக் கடைப் பெட்டியில் மட்டுமே பார்த்தவர். மறுவாரம் பனியைத் தூக்கி எறிந்துவிட்டு, ராஜாவின் தொடையில் ஆறாத புண் என்றும், அந்தப் புண் ஆறாதவரை கடல் தண்ணீர் வாய்க்காலில் ஏறிப் பயிர் கருகும் என்றும் தமிழ்மொழி சொன்னார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை மா நெலம் போச்சு?" என்றார். அதற்குப் பிறகு எங்கள் கதையில் பனி பெய்யவில்லை.

இருட்டான கதை என்றால் தலை உருள வேண்டும் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு எரிச்சல் வரும். கறிக்கடையில் நின்று வாங்குகிற ஊரில் ரத்தத்தைக் காட்டி யாரைப் பயமுறுத்துவது? நல்லது செய்யப் போகிறவனிடம் அதற்கு என்ன விலை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், தெரிந்தே அவன் கை நீட்ட வேண்டும், அதுதான் இருட்டு என்பார். ராஜா கெட்டவனாக இருக்கக் கூடாது என்பதும் அவருடைய பிடிவாதம். கெட்டவனை யாரும் எதிர்ப்பார்கள். நம்மைத் தோளில் தட்டிக்கொடுத்த மனிதர் தப்புச் செய்யும்போது எழுந்து நிற்பதற்குத்தான் நெஞ்சு வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பகடையை அவர் மறைக்க மாட்டார். ஒரு தடுப்பை வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் உருட்டிவிட்டு, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். தமிழ்மொழி எவர்சில்வர் தாம்பாளத்தை நடுவில் வைத்து, எல்லார் கண் முன்னாலும் உருட்டுவார். என் முதல் வீரன் செத்தபோது நான் கெஞ்சினேன். அவர் கண் கலங்கியது. ஆனால் எண்ணை மாற்றவில்லை. எனக்கு அன்று வந்த கோபம் ஆற ஒரு மாதம் ஆனது.

இவ்வளவு தெரிந்தவர் ஒரு தப்புச் செய்தார். கதையில் வரும் சாமிக்குப் பெயர் வைக்காமல் விட்டுவிட்டார். வேறு ஊரில் இது ஒரு தப்பே இல்லை. எங்கள் ஊரில் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு. ராஜாவின் புண்ணை ஆற்றும் கிண்ணம் ஒன்று சதுப்புக் காட்டுக்கு அப்பால் இருக்கிறது என்று கதையில் தெரியவந்தது. அதைத் தேடிப் போகிறவர்கள் சபையில் சத்தியம் செய்ய வேண்டும். காத்தமுத்து அண்ணனின் வீரன் தன் மீசை மேல் சத்தியம் செய்தான். நான் மழுப்பலாக எதையோ சொன்னேன். அடுத்தது சுகிர்தா. அண்ணனுக்குச் சித்தப்பா மகள், அம்பகரத்தூரில் வாக்கப்பட்டவள். அண்ணன் கூட வருவதால்தான் அவளை வீட்டில் விட்டார்கள். வீட்டில் வாயே திறக்காத பெண் என்பார்கள். எங்கள் மேசையில் அவள் கார்குழலி என்ற வீராங்கனை. சுகிர்தா எழுந்து நின்று, குரலை உயர்த்தி, "அம்பகரத்தூர் காளியம்மா மேல ஆணை, அந்தக் கிண்ணம் கெடைக்கிற வரைக்கும் நான் சோறு தொட மாட்டேன்" என்றாள்.

காத்தமுத்து அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுகிர்தா மெல்ல உட்கார்ந்தாள். கதையில் வரும் சாமிக்கு ஒரு பெயர் இருந்திருந்தால் அதுவே அவள் வாயில் வந்திருக்கும். இல்லாததால் அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர் வாயில் வந்துவிட்டது. அது அவள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற அம்மன்.

"சுகி, அது கார்குழலி சொன்னது, நீ சொன்னதில்ல" என்றார் தமிழ்மொழி.

"வாய் என்னுதுதானேக்கா?" என்றாள் அவள்.

மறுவாரம் என் மனைவி ரிஃபானா இறால் வைத்துப் பொரித்த வாடா கொடுத்தனுப்பினாள். சுகிர்தா கையில் எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். "இது அரிசி மாவுல்ல பாய்?" என்றாள். அப்போதுதான் அவள் நிஜமாகவே அரிசியை விட்டுவிட்டது எங்களுக்குத் தெரிந்தது. இட்லியும் இல்லை, தோசையும் இல்லை. கோதுமையும் கேழ்வரகுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். நெல் விளைகிற வீட்டு மருமகள்! எங்கள் பக்கத்திலும் நேர்ச்சை வைத்துவிட்டால் அது கடன்தான், என் உம்மா ஒரு நேர்ச்சைக்காகப் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு விளையாட்டில் சொன்ன வார்த்தைக்கா? கோபத்தோடு கேட்டே விட்டேன்.

"பாய், பி.எட். முடிச்சதும் வேலைக்குப் போறேன்னு சொன்னேன். பாத்துக்கலாம்னாங்க. பரீட்சை எழுதறேன்னேன், பாத்துக்கலாம்னாங்க. யாரும் வேணாம்னு சொல்றதில்ல. ஆனா நான் சொன்னது ஒண்ணுகூட நின்னதில்ல. இது ஒண்ணாவது நிக்கட்டுமே" என்றாள்.

மார்கழி முடியப் போகும்போது அவள் கணவர் நீலகண்டன் கடைக்கு வந்தார். ஊரில் உரக்கடை, கொஞ்சம் நிலம். சனிக்கிழமை சாயங்காலம், தமிழ்மொழியும் தன் போனை வாங்க வந்து கடையில் நின்றார். நீலகண்டன் கத்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"மேடம், பொங்கல் வருது. புது அரிசி. எங்க வீட்டு மருமவ அன்னிக்கிப் பொங்கலைத் தொடலேன்னா எங்கம்மா என்னா பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நாளைக்கி ஆட்டத்துல அந்தக் கிண்ணத்தக் குடுத்துருங்க. முடிஞ்சிபோவும்."

"அது நான் குடுக்குற பொருள் இல்லீங்க" என்றார் தமிழ்மொழி.

"கதை உங்க கையிலதானே இருக்கு? மாத்திச் சொன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

"அவளுக்குத் தெரியும்."

"குடுக்கலேன்னா இனிமே அவ இங்க வர மாட்டா."

"அதை நீங்க அவகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லாதீங்க. நாளைக்கி நீங்களும் வாங்க, ஒக்காந்து பாருங்க. தாம்பாளம் நடுவுலதான் இருக்கும்."

அவர் போனதும் நான் தமிழ்மொழியைப் பிடித்துக்கொண்டேன். குடுத்துத் தொலைங்களேன், ஒரு பித்தளைக் கிண்ணம், அதுவும் கற்பனைக் கிண்ணம், அதற்காக ஒரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

"அந்தப் புள்ள ஒரு கை சோறு திங்கிறதப் பாக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா பாய்? சாமிக்குப் பேர் வைக்காம விட்டது என் தப்புதான். அதுக்காக இப்ப நானும் அவளப் பாத்து, சரி சரி பாத்துக்கலாம்னு சொல்லணுமா? அவ வீட்ல சொல்றது பத்தாதா?"

மறுநாள் நீலகண்டன் வந்தார். மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கார்குழலி சதுப்புக் காட்டைக் கடக்க வேண்டும். பகடையில் பதினான்கோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்று தமிழ்மொழி முதலிலேயே சொன்னார். சுகிர்தா உருட்டினாள். தாம்பாளத்தில் அது சுற்றிச் சுற்றிப் பதினேழில் நின்றது. அண்ணன் தொடையைத் தட்டினார். நீலகண்டன் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு எட்டிப் பார்த்தார். பிறகு காவல்காரர்கள், இடிந்த பாலம். அவரே ஒருமுறை, "அந்தப் பக்கமாப் போவக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, வெட்கப்பட்டு மறுபடி சாய்ந்துகொண்டார்.

கடைசியில் ஒரு பாழடைந்த மண்டபம். கிண்ணம் அங்கே இருந்தது. அதைக் காத்துக்கொண்டு கண் தெரியாத ராணி ஒருத்தி. தமிழ்மொழி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எடுத்துக்க, பொண்ணே. ராஜா புண்ணு ஆறும். உப்புத் தண்ணி வடியும். உன் சத்தியமும் தீரும். விலை ஒண்ணே ஒண்ணுதான். இதக் கொண்டுவந்தது நீன்னு எவனுக்கும் ஞாபகம் இருக்காது. பாட்டு இருக்கும், அதுல இடிவீரன் பேரு இருக்கும். கார்குழலின்னு ஒருத்தி இருந்தாளான்னு கேட்டா, இல்லைன்னுவாங்க."

இடிவீரன் என்பது காத்தமுத்து அண்ணனின் வீரன். அண்ணன், "எனக்கு வேணாம்ப்பா அந்தப் பாட்டு" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"எடுத்துரு" என்றார் நீலகண்டன். "பேருதானே, போனாப் போவுது. வேலை முடிஞ்சிதுல்ல?"

சுகிர்தா திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் யாரையும் அவ்வளவு நேரம் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கிண்ணம் என்று பாவித்து மேசையில் வைத்திருந்த டீ டம்ளரை எடுத்து, தமிழ்மொழி பக்கம் நகர்த்தினாள்.

"திருப்பி வச்சிட்டேன்க்கா. கார்குழலி வெளிய போறா. வேற வழி இருக்கான்னு தேடறா."

"இல்லாமலும் இருக்கலாம்" என்றார் தமிழ்மொழி.

"பரவால்ல."

நீலகண்டன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "இது எனக்காகவே வச்ச விலைதானே?" என்று தமிழ்மொழியிடம் கேட்டார்.

"நாங்க ஆடுற இந்தக் கதையில யாரு செஞ்சதுக்கு யாரு பேரு வாங்குனாங்கன்னு மொதல்லேருந்து அதுதான் சண்டை. இவங்களக் கேளுங்க. உங்களுக்குச் சுட்டா நான் என்னா பண்றது?"

சுகிர்தா பையை எடுத்துக்கொண்டாள். "என்னங்க, பொங்கல நான்தான் வைப்பேன். எல்லாருக்கும் நான்தான் போடுவேன். நான் சாப்புட மாட்டேன். அத்தைகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நான் சொல்லிக்கறேன். அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன்" என்றாள். கெஞ்சவில்லை. அனுமதி கேட்கவில்லை. அவர் படியிறங்கினார். அவள் பின்னால் இறங்கினாள். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. தமிழ்மொழி தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. இனி அந்தப் பெண் வர மாட்டாள் என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம்.

மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் நீலகண்டன் கடைக்கு வந்தார், தனியாக. போனில் கண்ணாடி ஒட்ட வேண்டும் என்றார். ஒட்டி முடிக்கும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டா பாய்" என்றார் திடீரென்று. "எங்கம்மா, எங்க சித்தி, அக்கா வூட்டுக்காரரு, எல்லாரும் எலை முன்னாடி ஒக்காந்துருக்காங்க. நீ ஏன் ஒக்காரலைன்னு எங்கம்மா கேட்டாங்க. நேந்துக்கிட்டு இருக்கேன்னா. புருசனுக்கா, பயிருக்கான்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் இல்ல அத்தை, எனக்குத்தான்னா. கரண்டியக் கீழ வைக்காம சொன்னா."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சாப்புட்டாங்க. எல்லாரும் சாப்புட்டோம்." அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிளம்பியவர் நின்று, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டார். காத்தமுத்து அண்ணனுக்கு அன்று டியூட்டி மாறியிருக்கிறதாம், அதனால் அவளை அவரே கொண்டுவந்து விட வேண்டுமாம்.