மாமன் சீருக்கு என்ன சேலை?

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் பொன்னாத்தாளுக்குப் பதில் சொல்லாமல் யாரும் உள்ளே போய்விட முடியாது. பக்கத்துப் பழக்கடை என்னுடையது; பயணிகள் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். எந்த ஊர், யார் வீடு, மாமியார் எப்படி? அவசரத்தில் ஓடி வருகிறவள் நெளிந்துகொண்டே சொல்லியாக வேண்டும். ‘சிபிஐ’ என்று பெயர் வைத்தோம். அதை விருது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் ஒருவன் பதினாலு வயதுப் பெண்ணோடு வந்தான்.

“நீங்க யாருங்க புள்ளைக்கு?”

“தாய்மாமனுங்க. சென்னையில பெரிய கிரிக்கெட் மேட்சுங்க, காட்டக் கூட்டிட்டுப் போறேன்.”

தாய்மாமன் என்று கேட்டபின் பொன்னாத்தாள் விடுவாளா?

“புள்ள பெரியவளானப்ப சீருக்கு என்ன சேலை எடுத்தீங்க?”

“பச்சைப் பட்டுங்க.”

பெண் உள்ளே போனாள். இவளும் பின்னாலேயே போனாள். “மாமன் எடுத்த பச்சைப் பட்டு நல்லாருந்துச்சா சாமி?”

பெண் திருதிருவென விழித்தாள். பிறகு அழுதாள். பெயர் பிரபா, பள்ளிபாளையம் பக்கம். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை.

“மேட்ச் பாக்க வர்றவங்களுக்கு ஜூஸ் குடுக்கற வேலைன்னாருங்க. யார் கேட்டாலும் மாமான்னு சொல்லோணுமாம். போனையும் புடுங்கி வெச்சுக்கிட்டாருங்க.”

பெரிய மேட்ச் நடக்கும்போது இப்படி வேலை சொல்லிப் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்ற நோட்டீஸ் கழிப்பறைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. பொன்னாத்தாள் வெளியே வந்தாள். “புள்ளைக்கு வயித்து வலிங்க, நேரமாகும். பழம் சாப்பிட்டுட்டு இருங்க” என்று அவனை என் கடைக்கு அனுப்பிவிட்டு, நோட்டீஸில் இருந்த குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பெயர், இடம், அடையாளம் என்று விடாமல் கேட்டார்கள். “ஏனுங்க, இத்தனை கேள்வி கேட்டா மனுசி எப்படிங்க பதில் சொல்றது?” என்று சலித்துக்கொண்டாளாம். பொன்னாத்தாள்!

அவன் இரண்டாவது பழத்தை உரித்துக்கொண்டிருக்கும்போது போலீஸ் வந்து பிடித்துக்கொண்டது.

குழந்தைகள் நலத்துறையினரின் வண்டியில் ஏறும் முன் பிரபா சொன்னாள்: “ரெண்டு பஸ் மாறி வந்தோமுங்க. எல்லாரும் பாத்தாங்க. யாருமே ஒண்ணும் கேக்கலீங்க.”

பொன்னாத்தாள் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினாள்.

அன்று சாயங்காலம் ஒரு சிறுமி பழம் வாங்க வந்தாள். சற்றுத் தள்ளி ஓர் ஆள் நின்றிருந்தான். பழத்தைக் கையில் கொடுக்காமல் கேட்டேன்.

“கூட வந்திருக்கறது யாரு சாமி?”