ராசுவின் ரிமோட்டும் நான் அமுக்கிய ஓகேயும்

ராசு இறந்துவிட்டான். மத்தியானம் அவன் மனைவி லெட்சுமிதான் போன் செய்தாள்... கிட்னி பிரச்சினை. மூன்று மாதமாக மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைச்சல். வயது நாற்பத்தொன்று.

திருவாடானையில் நான் வேலை பார்த்த ரைஸ் மில்லில் அவன் எலக்ட்ரீசியன். எடைமேடையில் கம்ப்யூட்டர் பார்த்தது நான்.

லீவு நாளில் தெர்மாகோல் ஷீட்டை வெட்டி ஏரோபிளேன் செய்வான். நிஜமாகவே பறக்கிற பிளேன். அதற்காகப் பழைய ரிமோட் ஒன்றைக் கூரியரில் வாங்கி, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான்.

"அக்கா, இது இங்கிலீசுல என்னென்னமோ கேக்குது. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

முதலில் ரிமோட்டையும் பிளேனுக்குள் இருக்கும் ரிசீவரையும் ஜோடி சேர்க்க வேண்டும். பிறகு ஸ்டிக்கை அசைத்து, இறக்கையில் இருக்கும் மடல் சரியான பக்கம் தூக்குகிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்குத் தலைகீழாகத் தூக்கியது. மெனுவில் 'ரிவர்ஸ்' என்று இருந்ததைத் தேடிப் பிடித்து மாற்றினேன்.

அன்றைக்கு அவன் எனக்கு வைத்த பெயர் 'இன்ஜினியரக்கா'. லோடு ஏற்றுகிறவர்கள் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்...

அந்தப் பெருமையில் ஒரு தப்பு செய்தேன்.

சிக்னல் கட்டானால் மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு செட்டிங் உண்டு. நின்றுவிட வேண்டும் என்றுதான் வைக்கணும். ஓகே அமுக்கும்போது வேகத்துக்கான ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அந்த வேகம்தான் பதியும். அது பாதி மேலே இருந்ததைக் கவனிக்காமல் ஓகே அமுக்கிவிட்டேன். சிக்னல் போனால் பாதி வேகத்தில் ஓடு என்று பதிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான், என் வீட்டுக்காரர், ராசு மூன்று பேரும் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் நின்றோம்.

"காத்து பலமா இருக்குக்கா, இன்னைக்கு வேணாம்" என்று ராசு பிளேனின் பேட்டரியைக் கழற்றக் கை வைத்தான். அவன் கழற்றும் முன்பே நான் ரிமோட்டை ஆஃப் செய்துவிட்டேன்.

சிக்னல் போனதும் பிளேன் மூக்கிலிருந்த புரொப்பல்லர் விசிறி சுற்றியது. அவன் வலது கையில் இரண்டு விரல் கிழிந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "வீட்டுல ஃபேன்ல பட்டுருச்சு சிஸ்டர்" என்றான். மில்லிலும் அதையே சொன்னான். தையல் பிரித்த பிறகும் நடுவிரல் முழுசாக மடங்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற கை...

காரணம் நான்தான் என்று யாரிடமும் சொல்லத் தைரியம் வரவில்லை. அவன் சாப்பிட வந்தால் எழுந்து போய்விடுவேன்.

இரண்டு மாதம் கழித்து, ரிமோட்டோடு எடைமேடை ரூமுக்கே வந்து நின்றான்.

"அந்த செட்டிங்கை மாத்தணும்லக்கா."

"வேற யாருகிட்டயாவது குடு ராசு. எனக்குப் பயமா இருக்கு."

"இருந்தா இருக்கட்டும். மெதுவாப் பாருங்க, நான் இங்கனதான இருக்கேன்."

புரொப்பல்லரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மாற்றினோம். ரிமோட்டை ஆஃப் செய்தேன். மோட்டார் அசையவில்லை. மறுபடியும் செய்யச் சொன்னான். அதற்கப்புறமும். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அடுத்த வாரம் அந்த பிளேன் கண்மாய்க்கு மேலே நாலு சுற்று சுற்றிவிட்டு, பூப்போல இறங்கியது. அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

இன்றைக்குப் போனில் லெட்சுமி அழுதபோது, சொல்லக்கூடாத நேரத்தில் சொல்லிவிட்டேன். "அவன் விரல்ல அடிபட்டது என்னாலதான் லெட்சுமி..."

லெட்சுமி அழுகையை நிறுத்தினாள்.

"தெரியும்க்கா. அன்னைக்கே அவுக சொல்லிட்டாக. அக்கா ரொம்பப் பயந்துருக்கு, நீ தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிடாதன்னாக."

பிறகு அவளே "காலையில வாங்கக்கா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். மில்லில் கூட இருந்தவர்கள் முடிந்தால் வந்துவிடுங்கள்.

வாரேன் ராசு...