மாமா வெளியே இருத்திய ஓட்டக்காரன்

இரண்டாயிரங்களின் நடுவில், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் வீட்டில் அமெரிக்கன் ஃபுட்போல் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்ததென்றால், ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்தவள் அல்ல. ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வாசித்து, யார் எத்தனை கெஜம் ஓடினான், எந்தச் சாதனை முறியப்போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தேன்.

எழுத வைத்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஜான்-டலோன் சந்தையில் ஒரு பழக்கடையில் வேலை. அங்கே வேலை செய்த எட்டுப் பேரும் ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருந்தார்கள். உண்மையான ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்வது. ஞாயிறு யாரை இறக்குவது, யாரை வெளியே இருத்துவது என்று முதலே சொல்லிவிடுவது. இறக்கியவர்கள் மைதானத்தில் எப்படி ஆடுகிறார்களோ அப்படிப் புள்ளி. கடைசியில் வெல்பவருக்கு ஜனவரிச் சனிக்கிழமைகளில் விடுமுறை. மற்றவர்கள் குளிரில் பெட்டி இறக்க வேண்டும். வென்றால் அந்தச் சனிக்கிழமைகளில் என்னைப் பனிமலையில் சறுக்கக் கூட்டிப்போவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

மாமா படத்தில் முகத்தைப் பார்த்து ஆள் பிடிப்பார். நான் கொஞ்சம் இரக்கமில்லாதவள். பெயர் பெற்றவன் என்று பார்க்கமாட்டேன். அந்த வாரம் எதிரே வருவது மறிக்கத் தெரியாத அணியா என்றுதான் பார்ப்பேன். முழங்கால் நொந்தவனை அன்றே கழித்துவிடுவேன். அப்படியே வெல்லும் நிலையில் கடைசி வாரம் வரை வந்துவிட்டோம். பந்தை ஏந்தி ஓடுபவர்களில் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஓட்டக்காரன் எங்களிடம் இருந்தான். இன்னும் ஒரு நல்ல ஆட்டம் ஆடினால் அவனுடைய அணியின் பழைய சாதனை அவன் கைக்கு வரும். எதிரணியின் தடுப்போ வெறும் சல்லடை.

சனிக்கிழமைப் பத்திரிகையில், அவனுடைய தகப்பன் வியாழக்கிழமை இறந்துபோன செய்தி வந்திருந்தது. மகன் ஞாயிறு விளையாடிவிட்டுத்தான் ஊருக்குப் போவானாம். அவன் விளையாடுகிறான் என்பதால் நான் அதை நல்ல செய்தியாகத்தான் வாசித்துக் காட்டினேன். மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அவனை வெளியிலை இருத்துவம்,” என்றார். “தேப்பன் செத்து மூண்டு நாளாகேல்லை. துடக்கோடை ஓட விடுறதே?”

செத்த வீட்டுத் தீட்டு, துடக்கு என்று அவர்களுக்கு அப்படியெல்லாம் இல்லை என்றேன். நாங்கள் இருத்தினாலும் அவன் ஓடத்தான் போகிறான், புள்ளிதான் எங்களுக்கு வராது என்றேன். ஓடினால் ஓடட்டும், தன்னுடைய அணியில் ஓட வேண்டாம் என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கைவசம் இருந்த கடைசி நியாயத்தை எடுத்தேன்.

“அம்மப்பா செத்ததுக்கு அடுத்த நாள் நீங்களும் வேலைக்குப் போனீங்கள்தானே, மாமா?”

குசினியில் அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. அம்மப்பா, அம்மாவுக்கும் மாமாவுக்கும் தகப்பன், ஊரில் இறந்தது அதற்கு முந்தைய ஆண்டு. மாமாவின் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. திருகோணமலைக்குப் போக வழியில்லை. கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் இங்கே பழம் அடுக்கிக்கொண்டிருக்க, அங்கே மகன் முறையான ஒரு பெறாமகன் வைத்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

மாமா “ஓம்” என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து, அணிகளைக் குறித்துக்கொள்பவரிடம் வேறொருவனின் பெயரைச் சொன்னார்.

ஞாயிறு, பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். அவன் ஓடு ஓடென்று ஓடினான். சாதனை முறிந்தது. நாங்கள் தோற்றோம். ஆட்டம் முடிந்து அவன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் தனியே நடந்து போவதை மாமா கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரி முழுக்கச் சனிக்கிழமைகளில் தோடம்பழப் பெட்டி இறக்கினார். நான் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

என் கேள்விக்கு அவர் “ஓம்” என்று ஒத்துக்கொண்டதில் மட்டும் எனக்குப் பெருமை. ஆட்டத்தில் தோற்றாலும் வாதத்தில் வென்றது நான்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.