நன்றி சொல்ல முடியாத வாசகம்

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், மாம்புரிப் பக்கத்துக் கோயில் ஒன்றில் நான் உபதேசியாராக இருந்தேன். பூசையில் வேதம் வாசிப்பவர்களைப் பழக்குவது என் வேலை. ஒரு மத்தியானம் பிலோமினா அக்கா வந்து, குழந்தை யேசு சுரூபத்தின் முகத்தைத் துணியால் மூடினார்.

“என்னக்கா இது?”

“இவர்தான் என்ட பெடியனை எடுத்தவர், உபதேசியார்.”

திருநாள் ஊர்வலமான சுற்றுப்பிரகாரத்தில் அவருடைய மகன் தடுக்கி அந்தச் சுரூபத்தில் மோதியிருந்தான். அடுத்த கிழமை கடலுக்குப் போனான், வரவில்லை. இப்போது யாரோ அக்காவின் போனுக்குப் பழைய நூல் ஒன்றின் பகுதியை அனுப்பியிருந்தார்கள். தன்மேல் மோதிய சிறுவனைக் குழந்தை யேசு ஒரு சொல்லால் சாகடித்தாராம்.

“அது வேதத்தில இல்லையக்கா.”

“ஏன் இல்லை? உண்மையெண்டு ஒளிச்சுப் போட்டினமோ?”

படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். வேதத்தில் எதைச் சேர்ப்பது என்று முடிவுசெய்த ஆதிச் சபையார், ஒரு நூல் அப்போஸ்தலர்களின் வழி வந்ததா, அவர்கள் தந்த விசுவாசத்தோடு ஒத்துப்போகிறதா, எல்லா ஊர்ச் சபைகளிலும் வாசிக்கப்பட்டதா என்று பார்த்தார்கள். இதுவோ பிந்தி வந்தது. சுவருக்குச் சொல்லியிருந்தால் அதுவாவது தலையாட்டியிருக்கும்.

“விளக்கம் வேண்டாம். பூசையில வாசிக்கிறமாதிரி இதை வாசிச்சுக் காட்டுங்கோ.”

போனை வாங்கி வாசக மேடையில் ஏறினேன். கரண்ட் இல்லை, மைக் செத்துக் கிடந்தது. ஆனாலும் என் குரல் பீடத்தின் பின்னாலிருந்து, சற்றுப் பிந்தி, வேறு யாரோ வாசிப்பதுபோல் வந்தது. வெளியே காற்று நின்றிருந்தது. சுரூபத்தின் முகத்துத் துணி மட்டும் மெல்ல உள்ளே இழுபட்டது. மூச்சு எடுப்பதுபோல்.

சிறுவன் விழுந்து செத்தான் என்பதோடு நிறுத்தினேன். என் வாய்ப் பழக்கம் நாசமாய்ப் போக, வேத வாசகத்தின் முடிவில் சொல்லும் “ஆண்டவரின் அருள்வாக்கு” என்பதையும் சொல்லிவிட்டேன்.

ஞாயிறுதோறும் பதில் சொல்லிப் பழகிய அக்காவின் வாய் தானாகத் திறந்தது.

“இறைவா, உமக்கு...”

அதோடு நின்றது.

“முடியுங்கோக்கா.”

“ஏலாது. இதுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது?”

“அந்தக் காலத்துச் சனத்துக்கும் ஏலாமப் போயிருக்கும், அதாலதான் வேதத்தில சேரேல்லை. ஒருத்தரும் ஒளிக்கேல்லையக்கா.”

அக்கா சுரூபத்தின் முகத்துத் துணியை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்தார்.

“அப்ப என்ட பிள்ளையை ஆர் எடுத்தது?”

“கடல், அக்கா.”



வாசிக்க வரும் இளையவர்களுக்குச் சொல்வது இதுதான்: குரலும் உச்சரிப்பும் பிறகு வரட்டும். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி முன்வரிசை வாங்கில் இருக்கிறாள்; நீங்கள் முடித்ததும் அவள் நன்றி சொல்ல வேண்டும்.